கல் நட்ட நிலமும் விலை போகாத மனையும்

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் சின்னசேலத்தை நெருங்கும் பயணி, சாலையின் இருமருங்கிலும் இரண்டு வகையான நிலங்களைக் காண்பார். ஒன்று மக்காச்சோளமும் மரவள்ளியும் நிற்கும் நிலம். மற்றொன்று, மஞ்சள் வண்ணம் பூசி எண்ணிட்ட சிறு கற்கள் வரிசையாக நிற்கும் நிலம். முகப்பில் ஏதோவொரு 'நகர்' என்னும் வளைவு இருக்கும். உள்ளே வீடு இராது. கற்களுக்கிடையே சீமைக்கருவேலம் வளர்ந்திருக்கும். இந்தக் காட்சி சின்னசேலத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தின் நெடுஞ்சாலையோரப் பேரூர்கள் பலவற்றிலும் இதனைக் காணலாம். எனினும் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. மாவட்டம் வரும், அகன்ற சாலை வரும், சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையே ரயில் பாதை வரும் என்ற எதிர்பார்ப்புகள் இங்கே நிலத்தின் மீது ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்பட்டு வந்துள்ளன.

இந்தக் கற்களுக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன. மகளின் திருமணத்துக்கு உதவும் என்று வளைகுடாவில் பத்தாண்டு உழைத்த பணத்தைப் போட்டவர் இருக்கிறார். மாதத் தவணையில் மனை வாங்கிய சிறு கடைக்காரர் இருக்கிறார். ஓய்வூதியப் பணத்தை அப்படியே மண்ணில் இட்ட ஆசிரியர் இருக்கிறார். தேவை வந்தபோது விற்கப் போனவர்களுக்குக் கிடைத்த விடை ஒன்றுதான்: "விலை இருக்கிறது, வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை." இவ்விடையின் உட்பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நிலத்தின் விலை எவ்வாறு ஊதிப் பெருகுகிறது, பின்னர் எவ்வாறு விழுகிறது, நம் பகுதியில் அவ்வீழ்ச்சி ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை, மார்க்கச் சட்ட மரபு இதுகுறித்து என்ன சொல்லித் தருகிறது ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

குமிழி என்பது யாது?

வீட்டு விலை என்று நாம் சொல்வதில் இரண்டு விலைகள் அடங்கியுள்ளன. ஒன்று கட்டடத்தின் விலை. செங்கல், சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி ஆகியவற்றால் அது அமையும். கட்டடம் ஆண்டுதோறும் பழையதாகித் தேய்வது. மற்றொன்று மண்ணின் விலை. மண்ணை எவரும் உற்பத்தி செய்வதில்லை. ஆகவே அதற்கு அடக்கவிலை என்று ஒன்று கிடையாது. நாளை என்ன விலை போகும் என்ற மனிதரின் எண்ணமே இன்றைய விலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வீட்டு விலைக் குமிழி என வழங்குவது பெரும்பாலும் இந்த மண் விலையின் குமிழிதான்.

விலை நியாயமானதா என அறிய எளிய அளவுகோல் ஒன்று உண்டு, அது வாடகை. ஒரு சிற்றூரில் 30 இலட்சம் ரூபாய் மதிப்புச் சொல்லப்படும் வீடு மாதம் 6,000 ரூபாய்க்கு வாடகைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 72,000 ரூபாய். அவ்வீட்டின் விலை 41 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வாடகைக்குச் சமம். வாடகை கொடுப்பவர் அவ்வீட்டின் இன்றைய பயனுக்கு விலை தருகிறார். வாங்குபவரோ, நாளை இதைவிட அதிகம் தந்து இன்னொருவர் வாங்குவார் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்து விலை தருகிறார். இரண்டுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு காற்று அவ்விலையில் அடைபட்டிருக்கிறது. வெற்று மனைக்கோ வாடகையே கிடையாது. ஆதலால் அதன் விலையில் நம்பிக்கையின் பங்கு இன்னும் மிகுதி.

உலகம் கண்ட வீழ்ச்சிகள்

அமெரிக்காவில் வீட்டு விலைகள் 2006இல் உச்சம் தொட்டு, 2012இன் தொடக்கத்துக்குள் நாடு தழுவிய அளவில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ந்தன. திருப்பித் தர இயலாதவர்களுக்கும் வங்கிகள் வட்டிக்குக் கடன் கொடுத்து, அக்கடன்களை மூட்டை கட்டிப் பிறருக்கு விற்றதே அதன் அடிப்படை. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவால் மனு அளித்ததும் அந்நோய் உலகெங்கும் பரவியது. அயர்லாந்தில் 2007க்கும் 2013க்கும் இடையே வீட்டு விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. முடிக்கப்படாத குடியிருப்புகள் 2,800க்கும் மேல் இருப்பதாக அந்நாட்டு அரசு 2010இல் கணக்கெடுத்தது. மக்கள் அவற்றைப் 'பேய்க் குடியிருப்புகள்' என்றே அழைத்தனர்.

நம் வாசகர்களுக்கு மிக அண்மையானது துபாயின் கதை. 2008 இறுதியிலிருந்து அங்கு வீட்டு விலைகள் சரிந்து, ஓராண்டுக்குள் ஏறக்குறையப் பாதியாயின. 2009 நவம்பர் 25 அன்று துபாய் வேர்ல்டு நிறுவனம் தன் கடன்களைத் திருப்பித் தர அவகாசம் கோரியது. அதன் துணை நிறுவனமான நக்கீலின் சுக்கூக் பத்திரங்கள் அடுத்த மாதம் முதிர்வடையவிருந்த வேளையில், அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்து உதவ நேர்ந்தது. வட்டியில்லா முறையில் வீட்டு நிதி வழங்குவதாகச் சொன்ன அம்லாக், தம்வீல் ஆகிய இரு நிறுவனங்களும் 2008 நவம்பரில் புதிய நிதியுதவியை நிறுத்திவிட்டன.

இதில் நாம் மறைக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. ஒப்பந்தத்தின் பெயர் முராபஹா என்றோ இஜாரா என்றோ இருப்பதனால் மட்டும் ஊதிய விலை ஊதாத விலையாகிவிடாது. வட்டியை நீக்குவது கடமை. எனினும் பேராசையை அது தானே நீக்கிவிடும் என்று எண்ணுவது பிழை. துபாயில் கட்டுமானப் பணிகள் நின்றபோது வேலையிழந்து திரும்பியவர்களில் தமிழகத்தின் சிற்றூர்களைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அவர்களின் சேமிப்புதான் இங்கே மஞ்சள் கற்களாக நின்றது.

நம் ஊரில் குமிழி உருவான விதம்

அமெரிக்காவில் குமிழியை ஊதியது வங்கிக் கடன். தமிழகச் சிற்றூர்களில் நிலைமை வேறு. அங்கீகாரம் பெறாத மனைக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை. இங்கே குமிழியை ஊதியவை ரொக்கமும், வெளிநாட்டுப் பணமும், தவணைச் சீட்டும். 2000களின் இடைப்பகுதி தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் இவ்வணிகம் செழித்தது. தொலைக்காட்சி நட்சத்திரங்கள் விளம்பரத்தில் தோன்றினர். இலவச வாகனத்தில் அழைத்துச் சென்று மதிய உணவும் தந்தனர். முன்பணம் கட்டினால் தங்க நாணயம் என்றனர்.

இதன் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஒருவர் அதனைப் 10 இலட்சம் ரூபாய்க்கு வாங்கினால் சதுர அடி ஏறக்குறைய 23 ரூபாய் ஆகும். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் பெற வேண்டுமெனில் உரிய அகலத்தில் சாலை விட வேண்டும். பெரிய மனைப்பிரிவுகளில் பூங்கா முதலிய பொதுப் பயனுக்கு 10 விழுக்காடு ஒதுக்க வேண்டும். இவற்றுக்காக 35 விழுக்காடு நிலம் போய்விட்டால் எஞ்சுவது ஏறத்தாழ 28,300 சதுர அடி. சதுர அடி 100 ரூபாய்க்கு விற்றால் 28 இலட்சத்துச் சொச்சம் கிடைக்கும். அங்கீகாரமே பெறாமல், குறுகிய பாதைக்கென 20 விழுக்காடு மட்டும் விட்டால் 34,800 சதுர அடியை விற்கலாம். ஆறரை இலட்சம் ரூபாய் கூடுதல். பூங்காவும் சாலையும் இல்லாமற் போனது எவ்வாறு என்பதற்கு இந்த ஆறரை இலட்சமே விடை. அதே ஏக்கரில் மக்காச்சோளம் விதைத்தவர் ஒரு பருவத்தில் காணும் இலாபம் ஆயிரங்களில் எண்ணப்படுவது. வயல் மனையாவதை அறிவுரையால் தடுக்க இயலாமற் போனதில் வியப்பில்லை.

வாங்கியவர்களும் இக்கணக்கில் பங்கு கொண்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 'ஊராட்சி அனுமதி பெற்றது' என்ற வாசகத்தைப் பலர் போதுமானதாக எடுத்துக்கொண்டனர். ஊராட்சித் தலைவரின் கையெழுத்து நகர் ஊரமைப்பு அங்கீகாரத்துக்கு ஈடாகாது என்பது பின்னர்தான் தெரியவந்தது. பலர் மனையைப் பார்த்ததே பதிவு நாளன்றுதான். வீடு கட்டிக் குடியிருக்க வாங்கியவர் சிலர். விலை ஏறியதும் விற்க வாங்கியவர் பலர். எல்லாரும் விற்கவே வாங்கிய பொருளை இறுதியில் வாங்கப்போவது யார் என்ற கேள்வியை எவரும் எழுப்பவில்லை.

2016: காற்று இறங்கிய ஆண்டு

2016 செப்டம்பர் 9 அன்று, வழக்கறிஞர் 'யானை' ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தலைமையிலான சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளிலுள்ள மனைகளையோ அவற்றில் கட்டிய வீடுகளையோ பத்திரப் பதிவு செய்யலாகாது என்று ஆணையிட்டது. விளைநிலங்கள் வரைமுறையின்றி மனைகளாவதும், அதனால் வடிகாலும் நீர்நிலைகளும் அழிவதும் அவ்வழக்கின் மையம். முன்னரே இயற்றப்பட்டுச் செயலுக்கு வராதிருந்த பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு, அவ்வாண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. மனை வணிகத்தின் உயிர்மூச்சு ரொக்கம். ஒரு பக்கம் பதிவுக்கு வழியில்லை. மறுபக்கம் கைமாறப் பணமில்லை. இரண்டு மாதங்களில் சந்தை உறைந்து நின்றது.

2017 மே 4 அன்று மாநில அரசு அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளை மறுவிற்பனை செய்யவும் பின்னர் வழி பிறந்தது. அதே ஆண்டில் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமும் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்கள் பதிவு பெற்ற பின்னரே விளம்பரம் செய்யலாம் என்பதும், வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து அத்திட்டத்துக்கே செலவிட வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் முதன்மையான விதிகள். இனி வாங்குபவருக்கு இது காப்பு. முன்னரே வாங்கியவரின் நிலையோ வேறு. அங்கீகாரம் பெற்ற புதிய மனையே கிடைக்கும்போது, வரன்முறைக் கட்டணமும் அலைச்சலும் சுமந்த பழைய மனையை எவர் விரும்புவார்?

ஒரு மனைக்கு மூன்று விலை

இப்போது மையக் கேள்விக்கு வருவோம். விலை வீழ்ந்ததா? அமெரிக்காவில் கடன் கட்டாதவரின் வீட்டை வங்கி ஏலம் விட்டது; ஏல விலை எல்லாருக்கும் தெரிந்தது; வீழ்ச்சி ஊரறிந்த செய்தியாயிற்று. நம் ஊர் மனைமீது கடனில்லை. ஆகவே ஏலமும் இல்லை. உரிமையாளர் கேட்ட விலையிலிருந்து இறங்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். விலை வீழவில்லை என்று அனைவரும் நம்புகின்றனர். ஆனால் விற்பனை நடவாத விலை, விலையன்று, அது ஆசை. ஆழ்ந்து நோக்கின் ஒரு மனைக்கு மூன்று விலைகள் இருப்பதைக் காணலாம்.

முதலாவது சொல்விலை. உறவினரிடமும் சம்பந்தம் பேச வந்தவரிடமும் சொல்லப்படுவது. இரண்டாவது, அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு. மூன்றாவது, அவசரத்துக்கு விற்கப் போனால் கையில் உண்மையில் வந்து சேரும் கைவிலை. ஏறுமுகத்தில் கைவிலை மற்ற இரண்டையும் முந்தி ஓடியது. அப்போது வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் எழுதி மீதியை ரொக்கமாகப் பெற்றனர். இறங்குமுகத்தில் கைவிலை வழிகாட்டி மதிப்புக்கும் கீழே போய்விட்டது.

இதன் விளைவை எண்களால் காண்போம். 2012 ஏப்ரல் 1 முதல் மாநிலம் முழுவதும் வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டது. ஒரு மனையின் வழிகாட்டி மதிப்பு 3 இலட்சம் ரூபாய், கிடைக்கும் விலை 2 இலட்சம் என்று கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 1 விழுக்காடுமாக 8 விழுக்காடு, 3 இலட்சத்தின் மீதே கணக்கிடப்படும்: 24,000 ரூபாய். உண்மை விலையில் அது 12 விழுக்காடு. அன்றியும், வாங்கியவர் ஓர் இலட்சம் ஆதாயம் பெற்றதாகக் கருதி வருமான வரி விதிகள் அவரை நோக்கும். விற்றவர் பெறாத பணத்துக்கும் ஆதாய வரி கேட்கப்படலாம். இழப்பில் விற்பவர் இலாபத்துக்கு வரி கட்டும் விந்தை இவ்வாறுதான் நேர்ந்தது.

முறையீடுகள் பெருகவே, 2017 ஜூன் 9 முதல் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. அதே வேளையில் பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. நம் எடுத்துக்காட்டில் மதிப்பு 2,01,000 ரூபாய். 11 விழுக்காட்டில் செலவு 22,110 ரூபாய். வருமான வரிச் சிக்கல் தீர்ந்ததே தவிர, பதிவுச் செலவில் குறைந்தது 1,890 ரூபாய் மட்டுமே. 2023 ஏப்ரல் 1 முதல் மதிப்பு பழைய நிலைக்கே உயர்த்தப்பட்டு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடாக்கப்பட்டது. அதன்படி செலவு 27,000 ரூபாய். 2024 ஜூலை 1 முதல் திருத்திய மதிப்புகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

வீழ்ச்சியின் மற்றொரு முகம் இன்னும் நுட்பமானது. 2012இல் 3,60,000 ரூபாய்க்கு வாங்கிய மனை 2022இல் அதே 3,60,000 ரூபாய்க்கு விற்றால், போட்ட பணம் வந்துவிட்டதே என்று பலர் ஆறுதல் கொள்வர். பொருள்களின் விலை ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்ந்ததாகக் குறைத்தே கொண்டாலும், பத்தாண்டுக்குப் பின் அதே பொருள்களை வாங்க 5,86,000 ரூபாய் வேண்டும். எனவே வந்து சேர்ந்தது போட்டதில் ஐந்தில் மூன்று பங்கே. எஞ்சிய இரண்டு பங்கைக் காலம் ஓசையின்றி உண்டுவிட்டது.

இப்னு கல்தூன் கண்டது

இந்நிகழ்வுகளைச் சந்தைப் புத்தகங்கள் பேசுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் இப்னு கல்தூன் (1332-1406). தம் 'முகத்திமா'வில் நகரங்களில் மனைகளும் தோட்டங்களும் எவ்வாறு சேர்கின்றன என்பதற்கென்றே தனிப் பகுதி ஒன்றை அவர் வகுத்திருக்கிறார். ஓர் அரசு நலியும் காலத்தில் காவல் குறையும், ஊர் சிதையும், நிலத்தால் பயன் குன்றும். ஆகவே விலை வீழ்ந்து, மலிவாகக் கைமாறும். புதிய அரசு ஊன்றி ஊர் செழிக்கும்போது அதே நிலம் பெருமதிப்புப் பெறும். அதன் உரிமையாளர், தம் உழைப்பால் ஒருபோதும் ஈட்டியிருக்க முடியாத செல்வத்துக்கு உரியவராவார். இவ்வாறு அவர் விளக்குகிறார். நிலத்தின் வருவாய் ஒரு குடும்பத்தின் தேவைக்குப் போதாது. தமக்குப் பின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு பிடிமானம் இருக்கட்டும் என்பதே நிலம் சேர்ப்போரின் உள்நோக்கம் என்றும் அவர் கண்டு சொல்கிறார்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. நில விலை ஏறுவது உரிமையாளரின் திறமையால் அன்று. சாலை, நீர், காவல், பள்ளி, மருத்துவமனை எனச் சமூகம் கூடி ஆக்கிய வளத்தால். 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது போன்றவையே நிலத்துக்கு மெய்யான மதிப்பைச் சேர்ப்பன. விளம்பரப் பலகை சேர்ப்பதன்று. மற்றொன்று, பிள்ளைகளுக்குப் பிடிமானம் என்ற எளிய நோக்கத்தோடு வாங்கியவரையும் ஊக வணிகரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது என்பது.

மார்க்கச் சட்ட மரபின் நோக்கு

வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்டுப் பிறரை மயக்குவதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடை செய்தார்கள். "நேற்றே இந்த மூலை மனையை ஒருவர் கேட்டுவிட்டுப் போனார்" என்று தரகர் சொல்லும் பொய் இவ்வகையைச் சேர்ந்தது. பொருளின் தன்மையோ எல்லையோ தெளிவாகத் தெரியாத நிலையில் நடக்கும் விற்பனை 'கரர்' எனப்படும். வழியில்லாத மனை, அனுமதியில்லாத மனை, எல்லை அளக்கப்படாத மனை ஆகியவற்றைக் குறையை மறைத்து விற்பது இதனுள் அடங்கும். குறையைச் சொல்லாமல் விற்பது, விலை ஏறும் காலத்தில் எவ்வாறு பாவமோ, அவ்வாறே விலை இறங்கும் காலத்திலும் பாவம். வாங்கி ஏமாந்தவர் அடுத்தவரிடம் அதைத் தள்ளிவிட்டுத் தப்ப நினைப்பது நியாயமாகாது.

தரிசு நிலத்தை உயிர்ப்பிப்பவருக்கு அதில் உரிமை உண்டு என்பது ஃபிக்ஹு நூல்களில் அறியப்பட்ட விதி. ஆனால் சிலர் பயிரிடாமல், சுற்றிலும் கல் நட்டு, இது எமது என்று சொல்லி வைத்தனர். இதற்குத் 'தஹ்ஜீர்' என்று பெயர்; கல் என்னும் பொருள் தரும் 'ஹஜர்' என்ற அரபுச் சொல்லோடு தொடர்புடையது. கல் நட்டுவிட்டு மூன்றாண்டுகள் நிலத்தைப் பயன்படுத்தாமல் விட்டவருக்கு அதில் உரிமையில்லை என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததை இமாம் அபூ யூசுஃப் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்துள்ளார். இத்தீர்ப்பு உரிமையாளர் இல்லாத நிலத்துக்கு உரியது. விலை கொடுத்து வாங்கிய மனைக்குப் பொருந்தாது. எனினும் அதன் பின்னுள்ள நோக்கம் நம் சிந்தனைக்குரியது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆற்றின் நீரும் ஏரிப் பாசனமும் கிணறுகளும் வளர்த்த மண், கல் நட்டதன் பின் வீடாகவும் இல்லை, வயலாகவும் இல்லை. நூறு பேரின் பெயரில் துண்டுபட்டுவிட்டதால் மீண்டும் ஏரோட்டவும் வழியில்லை. விலை வீழ்ச்சியில் உரிமையாளர் இழந்தது பணம். ஊர் இழந்தது விளைச்சல்.

அடுத்து ஜகாத். குடியிருக்க வீடு கட்டும் எண்ணத்தில் வாங்கிய மனைக்கு ஜகாத் இல்லை. விற்று இலாபம் காணும் எண்ணத்தில் வாங்கியது வணிகப் பொருளாகும். ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளின்படி ஆண்டுதோறும் அன்றைய சந்தை மதிப்பில் நாற்பதில் ஒரு பங்கு கடமை. மாலிக்கி மத்ஹபு இங்கே ஒரு வேறுபாடு காண்கிறது. அன்றாடம் வாங்கி விற்கும் வணிகர் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். விலை ஏறும்வரை பொருளை வைத்துக் காத்திருப்பவர் விற்கும்போது ஓராண்டுக்குரியதைக் கொடுத்தால் போதும். விற்பனையின்றி முடங்கிய நிலங்களுக்கு இக்கருத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று இக்கால அறிஞர்கள் சிலர் கூறியுள்ளனர். தத்தம் நிலைக்கேற்ற தீர்ப்பை வாசகர்கள் தகுந்த ஆலிமிடம் கேட்டறிதல் வேண்டும்.

நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. ஜகாத் கணக்கிட அமர்பவர் மனையின் உண்மை மதிப்பை அறிந்தாக வேண்டும். சம்பந்தம் பேசும்போது 6 இலட்சம் என்று சொல்லி, பதிவாளர் முன் 2 இலட்சம் என்று எழுதி, ஜகாத் என்றதும் "அது விலை போகாத மனை" என்று ஒதுக்குபவர், மூன்று விலைகளில் எது உண்மை என்று தம் நெஞ்சையே கேட்க வேண்டியவராகிறார். சந்தை மறைத்துவைத்த வீழ்ச்சியை வெளிக்கொணரும் அளவுகோலாக இவ்வணக்கம் அமைந்திருக்கிறது.

வீழ்ச்சிக்குப் பின் செய்யத் தக்கவை

நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தருமாறு திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் பணிக்கிறது. விட்டுக்கொடுப்பதை இன்னும் மேலானதாகக் காட்டுகிறது. வாங்கிய பின் வருந்துபவரின் வேண்டுகோளை ஏற்று விற்பனையை முறித்துக்கொள்ளும் 'இகாலா' நபிமொழியில் புகழப்பட்ட செயல். தவணையின் நடுவே கட்ட இயலாமற் போனவரின் முழுப் பணத்தையும் விழுங்கும் வழக்கம் நம்மிடையே உள்ள மனை வணிகரிடமேனும் ஒழிய வேண்டும். ஜமாஅத்துகள் இதில் நடுவராக நிற்கலாம்.

மனை வைத்திருப்போர் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். ஒரே மனைப்பிரிவில் உள்ளவர்கள் தனித்தனியே அலைவதைவிட, கூடிப் பேசி வரன்முறைக்கும் சாலைக்கும் முயல்வது பயன் தரும். ஒரு வீடு எழுந்தால் பத்து மனைக்கு உயிர் வரும். விற்க வேண்டிய தேவை உள்ளவர், பத்தாண்டுக்கு முன் கேள்விப்பட்ட விலையை மறந்து, இன்று அண்டை மனை உண்மையில் எவ்வளவுக்குப் பதிவாயிற்று என்று விசாரித்து, அதையே தம் விலையாகக் கொள்வது நலம். மகளின் திருமணத்தையோ மகனின் படிப்பையோ கற்பனை விலைக்காகத் தள்ளிப் போடுவது இழப்பின்மேல் இழப்பாகும். புதிதாக வாங்குவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதனை விற்கவே முடியாமற் போனாலும் எனக்கு இதனால் பயன் உண்டா? உண்டு எனில் வாங்கலாம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இனியும் அறிவிப்புகள் வரும். அவற்றின் பின்னே மஞ்சள் கற்களும் வரும். அப்போது நம் வாசகர்களுள் ஒருவரேனும் தரகரின் வாகனத்தில் ஏறுமுன், அந்நெடுஞ்சாலையோரத்தில் இறங்கி, கருவேல மரங்களுக்கிடையே எழுத்தழிந்து நிற்கும் ஒரு கல்லருகே சற்று நேரம் நிற்பாராயின் இக்கட்டுரை தன் பயனை அடைந்ததாகும்.